ராக்கெட்டு எரிபொருளும் பகுப்பாய்வாளரின் சொல்லும்

2025-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், 2,000 கிலோ நியூட்டன் உந்துவிசை தருமாறு வகுக்கப்பட்ட எஞ்சின் ஒன்றின் பம்புகள், டர்பைன் முதலிய பகுதிகள் 2.5 விநாடி நேரம் இயக்கிச் சோதிக்கப்பட்டன. திரவப் பிராணவாயுவின் துணையுடன் சுத்திகரித்த மண்ணெண்ணெயை எரிப்பது இவ்வெஞ்சின். அன்றைய சோதனையில் எரிபொருள் எரிந்து வெளியேறும் உந்தறை சேர்க்கப்படவில்லை. நாம் இங்கு எழுதப் புகுவது அவ்வுந்தறையின் சுவரைப் பற்றியும், அதனை ஒட்டி ஓடும் மண்ணெண்ணெயைப் பற்றியுமேயாகும்.

இத்தகைய எஞ்சின்களின் உந்தறையில் வாயுக்களின் உஷ்ணநிலை 3,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்படும். தாமிரமோ 1,085 டிகிரியில் உருகிவிடும். ஆயினும் தாமிரக் கலவையாலான சுவர் உருகாது நிற்பதற்குக் காரணம், அதனுள் அமைந்த குறுகிய கால்வாய்களின் வழியே எரிபொருள் முதலில் ஓடி, சுவரின் உஷ்ணத்தைத் தான் வாங்கிக்கொண்ட பின்னரே எரியச் செல்கிறது என்பதாகும். ஆகவே மண்ணெண்ணெய் இங்கு எரிபொருளாவதற்கு முன் குளிர்விப்பானாகப் பணி புரிகிறது. அப்பணியில்தான் ஆபத்தும் உண்டு. எண்ணெயில் கரைந்துள்ள பிராணவாயு சூட்டில் வினை புரிந்து பிசினை உண்டாக்குகிறது. உஷ்ணம் மேலும் ஏறினால் மூலக்கூறுகளே உடைந்து கரியாகப் படிகின்றன. கரிப்படிவு உஷ்ணத்தை எளிதில் கடத்தாது. எனவே சுவர் மேலும் சூடாகும். மேலும் கரி படியும். எண்ணெயில் கந்தகம் இருப்பின் அது தாமிரத்தோடு கூடித் தாமிர சல்பைடாகி, கால்வாயை அரித்து அடைக்கும்.

இவ்வளவும் அறிந்த பின்னும், மண்ணெண்ணெயை நீரைப் போன்ற ஒரு தனிப்பொருளாகக் கருதும் வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. அது நூற்றுக்கணக்கான ஹைடிரோகார்பன்களின் கலவை. ஜெட் விமான எரிபொருளில் அரோமாட்டிக் வகைப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கு வரை இருக்கலாம். அமெரிக்க ராக்கெட்டுகளுக்குரிய ஆர்.பி.-1 என்னும் மண்ணெண்ணெயில் அவை 5 பங்கிற்கு மேற்படலாகாது. அதில் கந்தகத்தின் வரம்பு 1 டன்னுக்கு 30 கிராம். பின்னர் வகுக்கப்பட்ட ஆர்.பி.-2 வகையிலோ 10 டன்னுக்கு 1 கிராம்!

அடர்த்தி, கொதிநிலை எல்லை, தீப்பற்றும் நிலை ஆகிய சோதனைகள் கலவையை மொத்தமாக அளப்பவை. இவை யாவற்றிலும் தேறிய இரு தொகுதி எண்ணெய்கள் உட்கூறில் வேறுபட்டிருக்கலாம். சூட்டில் வேறு வேறாக நடந்துகொள்ளலாம். ஆகையால் மொத்தச் சோதனைகளை மட்டும் நம்பி எரிபொருளுக்குச் சான்றளிப்பது போதாது என்பது எமது உறுதியான கருத்து.

உட்கூறைக் காட்டும் கருவி நமக்குப் புதியதன்று. 1903-இல் ரஷ்யத் தாவரவியலார் ஸ்வெட், இலைச்சாற்றின் நிறப்பொருள்களைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் பிரித்த முறையை வார்சாவில் விளக்கினார். குரோமட்டோகிராபி என்ற பெயரும் அவர் இட்டதே. 1952-இல் ஜேம்ஸ், மார்ட்டின் ஆகிய இருவரும் இம்முறையை ஆவிகளுக்குக் கொணர்ந்தனர். எண்ணெய்த் தொழிலுக்கு அது பெரும் பேறு எனலாம். எனினும் மண்ணெண்ணெயை ஒரே குழாயில் செலுத்தினால் பல பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்பட்டு மயங்குகின்றன. 1991-இல் லியூ, பிலிப்ஸ் என்போர் முதற்குழாயிலிருந்து வெளிவருவதைச் சிறு சிறு பகுதிகளாக, தன்மையில் வேறான இரண்டாம் குழாயில் செலுத்தினர். கொதிநிலையால் பிரியாதவை முனைவுத் தன்மையால் பிரிந்தன. வரிசையாய் நின்ற சிகரங்கள் இன்று ஒரு நிலப்படம் போல விரிகின்றன. அரோமாட்டிக் வகைகள் அதில் தனி வட்டாரமாக ஒதுங்கி நிற்பதைக் கண்ணால் காணலாம்.

இதனை வாங்கிவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. எண்ணெய் எத்தனை டிகிரியில், எத்தனை நேரத்தில் சிதையும் என்பதைப் படம் மட்டும் சொல்லாது; சூடேற்றித்தான் பார்க்கவேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தார் ஆர்.பி.-1 எண்ணெயை மூடிய எஃகுக் கலங்களில் 375 டிகிரிக்கும் மேலான சூட்டில் வைத்து, சிதைந்து உண்டான பொருள்களைக் குரோமட்டோகிராபியால் அளந்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். சூட்டுச் சோதனையும் பகுப்பாய்வும் இவ்வாறு கைகோக்க வேண்டும். இருகுழாய்க் கருவி விலை மிகுந்தது, அன்றாட வேலைக்கு ஏற்றதன்று என்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. அன்றாடச் சோதனைக்கு ஒற்றைக் குழாயும், கந்தகத்தைத் தனியே காட்டும் உணர்கருவியும் போதும். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு முறையேனும் முழுப்படம் எடுத்து, எஞ்சின் சோதனைக் குறிப்புகளுடன் சேர்த்து வைத்தல் வேண்டும். கால்வாயில் பின்னொரு நாள் கரி காணப்பட்டால், எந்த எண்ணெயால் வந்தது என்று கேட்க அப்படமன்றி வேறு சாட்சி இராது. படத்தை ஐயுறும் பகுப்பாய்வாளர் தொகுதியை நிறுத்திவைக்கும் அதிகாரம் பெற்றிருத்தலும் வேண்டும். அவருடைய ஐயம் கால அட்டவணைக்கு இடையூறாக எண்ணப்படலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மையை வடிதாளில் ஏற்றி நிறங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை வேடிக்கையோடு முடிந்துவிடுகிறது. இரு வேறு கம்பெனிகளின் கறுப்பு மைகளை அருகருகே ஏற்றுங்கள். எழுதும்போது இரண்டும் ஒன்றே. தாளில் நீர் ஏறியதும் பெரும்பாலும் நிற வரிசைகள் மாறி நிற்கும். மண்ணெண்ணெய்த் தொகுதிகளின் கதையும் இதுவேயென அப்போது மாணவருக்குச் சொல்லலாம். நீரில் கரையும் ஊற்றுப்பேனா மையே இதற்கு உதவும். ஜெல் பேனாவின் மை பலவும் இட்ட இடத்தை விட்டு அசையாது.

களப்பணியாளர்களுக்குச் சொல்லவேண்டியது மாதிரி எடுப்பதைப் பற்றியது. 10 டன்னில் 1 கிராம் தேடும் கருவிக்கு, முன்பு டீசல் வைத்திருந்த குப்பியின் மிச்சமே பொய்ச் செய்தியாகிவிடும். ரப்பர் அடைப்பானிலும் கந்தகம் உண்டு. கண்ணாடிக் குப்பி நிறமுள்ளதாகவும், அதே எண்ணெயால் இரு முறை அலசப்பட்டதாகவும் இருக்கட்டும். எடுத்த நாள், நேரம், தொட்டியின் எம்மட்டத்திலிருந்து எடுத்தது, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குப்பியின் மீதே, எண்ணெய் பட்டால் அழியாத எழுத்தில் குறித்தல் நலம்.