குளிர்கால மாதத்திற்கு எந்த ஊர்?



நம்மிடம் ஓதி, இப்போது வட இங்கிலாந்தில் குடும்பத்துடன் வசிக்கும் மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு எழுதினார். டிசம்பர் மாதத்தில் அங்கே மாலை நான்கு மணிக்குள் மஃரிப் ஆகிவிடுகிறது. உடனிருக்கும் உம்மாவுக்கு மூட்டுவலி. குளிர் தொடங்கினால் வாசற்படி இறங்குவதில்லை. தமக்கு எங்கிருந்தும் செய்யக்கூடிய கணினி வேலை, பிள்ளைக்குப் பள்ளி வயது வரவில்லை. ஆகவே ஒரு மாதம் மொராக்கோ சென்று தங்கலாமென்று எண்ணம், எந்த ஊர் நல்லது உஸ்தாத் என்று கேட்டிருந்தார்.

நாம் யோசியாமல் ஷெஃப்ஷாவெனைச் சொன்னோம். 1471இல் போர்த்துகீசியரை எதிர்க்கும் கோட்டையாக எழுந்த ஊர். 1492இல் கிரனடா வீழ்ந்தபோது அடைக்கலம் தேடி வந்த அந்தலூஸ் முஸ்லிம்களுக்கு இடமளித்த ஊர். வரலாற்றைப் பார்த்துச் சொன்னோமே தவிர, அந்த உம்மாவின் முழங்காலைப் பார்த்துச் சொல்லவில்லை. ரிஃப் மலைச்சரிவில் அமைந்த அவ்வூரில் தெருக்களெல்லாம் படிகள். குளிர்காலமே அங்கு மழைக்காலம். அமர்த்திய வீட்டில் கணப்பு வசதி கிடையாது. பாங்கொலி நான்கு திசையிலிருந்தும் கேட்டதாம். பள்ளிக்குப் போய்வரத்தான் உம்மாவால் இயலவில்லை. போர்வைக்குள்ளேயே அந்த மாதம் கழிந்தது. இப்பிழை நம்முடையதே.

மறு ஆண்டு அவரே விசாரித்து, தெற்கே சூஸ் சமவெளியிலுள்ள தாரூதான்த்தைத் தெரிவு செய்தார். அகாதிரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஸஅதி அரச வம்சத்தினர் மராகேஷுக்குச் செல்லுமுன் தலைநகராகக் கொண்டிருந்த ஊர். அதனைச் சூழ்ந்த மண்மதில் இன்றும் நிற்கிறது. மதிலுக்குள் தரை சமமானது. உள்ளூர் மக்கள் சைக்கிளிலும் குதிரை வண்டியிலும் போகிறார்கள். ஜனவரியில் பகல் வெயில் இதமானது. இரவில் மட்டும் கம்பளி வேண்டும். மொராக்கோவின் கடிகாரம் ரமளான் நீங்கலாக ஆண்டு முழுதும் ஒரு மணி நேரம் முன்னோக்கி இருப்பதால், அம்மாதத்தில் ஸுப்ஹு நேரமே காலை ஏழு மணியை ஒட்டித்தான் வருகிறது. முதியவர்களுக்கு இது எத்தனை பெரிய இலேசு!

இத்தகைய பயணத்திற்கு மராகேஷ் போன்ற பெருநகரமே வசதியென்று பலர் கூறுவர். நாம் உடன்படவில்லை. பெருநகரில் ஒரு மாதம் தங்கினாலும் கடைசி நாள்வரை நாம் சுற்றுலாப் பயணிகளே; சிற்றூரில் நான்காம் நாளே ரொட்டிக் கடைக்காரர் உம்மாவின் உடல்நலம் விசாரிக்கிறார். பக்கத்து வீட்டார் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒரு தட்டில் குஸ்குஸ் அனுப்புகிறார்கள். வெறுந்தட்டைத் திருப்பித் தரலாகாதே என்று நம் உம்மா அதில் வட்டிலப்பம் வைத்து அனுப்பினாராம். தஷல்ஹீத் மொழி பேசும் அந்த அம்மையாரும் தமிழ் மட்டுமே அறிந்த இந்த உம்மாவும் ஸலாமையும் அல்ஹம்துலில்லாஹ்வையும் வைத்தே ஒரு மாதம் உரையாடியிருக்கிறார்கள்.

மார்க்கச் சட்டமும் இங்கே கவனத்திற்குரியது. வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாள் ஓர் ஊரில் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருச் சலுகை நீங்கிவிடுகிறது. ஹனஃபி மத்ஹபில் ஒரே ஊரில் 15 நாள். ஆகவே, பத்து நாளுக்கு ஓர் ஊராக மூன்று ஊர்களைச் சுற்றும் ஹனஃபி முஸாஃபிராகவே இருப்பார். ஒரே ஊரில் மாதம் முழுதும் தங்குபவர் முகீம். அவர் மீது ஜும்ஆ கடமை. ஆனால் நிரந்தரக் குடிவாசி அல்லர் என்பதால், ஷாஃபிஈ மத்ஹபின்படி நாற்பது பேர் கணக்கில் அவர் சேரமாட்டார். அழகான கடற்கரை என்பதற்காக ஜும்ஆ நடவாத குக்கிராமத்தில் ஒரு மாத வாடகையை முன்பணமாகச் செலுத்திவிட்டுப் பிறகு ஃபத்வா கேட்பவர்களுக்காக இதனைச் சொல்கிறோம்.

வீட்டைப் பார்க்குமுன் பள்ளிவாசலைப் பார்க்க வேண்டும். அதுவும், குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவரின் காலால் அளந்து பார்க்க வேண்டும். கட்டடம் எத்தகையது என்பதும் கேட்டறிய வேண்டியதே. 2023 செப்டம்பர் 8ஆம் நாள் இரவு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் தாரூதான்த் மாகாணத்தின் மலைக்கிராமங்கள் பலவும் இடிந்தன. மண்சுவர் வீட்டின் அழகில் மயங்கிவிடக் கூடாது.

இனி, நம் மனத்தை மிகவும் தொட்ட செய்தி. மொராக்கோவின் பள்ளிகளில் ஸுப்ஹுக்குப் பின் ஒரு ஹிஸ்பும் மஃரிபுக்குப் பின் ஒரு ஹிஸ்புமாக ஜமாஅத்தார் ஒரே குரலில் ஓதும் வழக்கம் உண்டு. குர்ஆனின் 60 ஹிஸ்புகளும் ஒரு மாதத்தில் நிறைவுறும். ஊரில் தைக்காவில் தொழுது பழகிய உம்மா, அங்கே பெண்கள் பகுதியில் அமர்ந்து செவிமடுத்தார். இரண்டாம் நாளே மகனிடம், "இமாம் ஃபாத்திஹாவில் தப்பு விடுறாரு வாப்பா, மாலிகி என்று நீட்டாமல் மலிகி என்று குறுக்குறாரு. கையையும் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவுறாங்க" என்றாராம். நமக்கு அழைப்பு வந்தது. அது இமாம் நாஃபிஃ அவர்களின் கிராஅத், வர்ஷ் அவர்கள் வழியாக வந்தது. நாம் ஓதுவது ஆஸிம் அவர்களின் கிராஅத், ஹஃப்ஸ் அவர்கள் வழியாக வந்தது. கையைத் தொங்கவிடுவது மாலிகி மத்ஹபில் பெரும்பாலோரின் நடைமுறை என்று விளக்கினோம். இருபது வருடம் ஓதிக்கொடுக்கும் நாம், கிராஅத் வேறுபாட்டை ஓர் எழுபது வயது உம்மாவுக்கு எடுத்துச் சொன்னது அதுவே முதல் முறை. நம் மதரஸாக்களில் பெண்களுக்கு இதனை ஏன் சொல்லிக்கொடுக்காமல் விட்டோம் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்தோம்.

மாத முடிவில் கத்முல் குர்ஆன் துஆவில் உம்மா கலந்துகொண்டார். குடும்பம் இங்கிலாந்து திரும்பிய மறுவாரம் மாணவர் மீண்டும் எழுதினார்: மனைவி அடுத்த குளிர்காலத்துக்கு இஸ்தான்பூல் பார்க்க விரும்புகிறார், உஸ்தாதின் கருத்தென்ன என்று. மனைவியின் விருப்பமும் நியாயமானதே; அவரும் ஒரு மாதம் அந்நிய அடுப்படியில் நின்றவர். இஸ்தான்பூலில் ஜனவரி மாதம் குளிரும் மழையும், சில நாட்களில் பனியும் உண்டென்று மட்டும் எழுதி, உம்மாவைக் கேட்டுவிட்டு எழுதும்படி பதில் அனுப்பியிருக்கிறோம்.