தேதியே அறியாத இயந்திரம்

"2000-ஆம் ஆண்டு பிறந்தபோது ஹட்டன், நுவரெலியா தியேட்டர்களில் படம் நிற்கவில்லை, ஆகவே 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிழை என்பதே புரளி" என்கிறார்கள். தவறு.

முதலாவது, 35 மி.மீ. புரொஜெக்டருக்கு நாட்காட்டியே கிடையாது. மோட்டார் சுழல்கிறது. மால்டா சிலுவைச் சக்கரம் வினாடிக்கு 24 சட்டங்களை இழுத்து நிறுத்துகிறது. ஃபிலிம் ஓரத்து ஒலித்தடத்தை ஒளிமின்கலம் படிக்கிறது. இதில் ஆண்டு எங்கே இருக்கிறது? டிடிஎஸ் ஒலிக்கருவிகூட ஃபிலிமில் படிப்பது ரீலையும் சட்டத்தையும்தான், தேதியை அல்ல. கெடவே முடியாததைச் சாட்சிக்கு அழைப்பது என்ன நியாயம்?

இரண்டாவது, பிழை இருந்தது ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய கணக்குகளில். நியூயார்க் மாநில வீடியோக் கடையொன்றில், ஒரு படத்தைத் திருப்பிக் கொடுத்தவருக்குக் கணினி 91,250 டாலர் தாமதக் கட்டணம் காட்டியது. நூறாண்டு தாமதம் என்று அது கணக்கிட்டிருந்தது. இது புரளியா?

மூன்றாவது, வங்கிகள் தப்பியது நிரலாளர்கள் வரிவரியாகத் திருத்தியதால். அந்த உழைப்பை அழிக்க உங்களுக்கு ஒரு புரொஜெக்டர் போதுமா?