மூணு டிபார்ட்மென்ட், ஒரே சொட்டு!



‘நான் மெக்கானிக்கல். எனக்கு எதுக்கு பயாலஜி?’, ‘நான் பயோடெக். எனக்கு எதுக்கு கணக்கு?’ - இந்த டயலாக் கேட்காத கேன்டீன் உண்டா? ப்ளஸ் டூவோடு அந்தப் பாடத்துக்கு டாட்டா காட்டியாச்சு, இனி அது இருக்கிற திசையில் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்னு சபதம் போட்டவங்க எல்லாம் இந்த வாரம் கொஞ்சம் கிட்ட வாங்க. ஒரு கம்பெனியை ஆரம்பிச்ச டீமை அறிமுகப்படுத்தறேன்.

கம்பெனி பேரு டென்எக்ஸ் ஜீனோமிக்ஸ். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2012-ல் ஆரம்பிச்சது. தொழில்? மைக்ரோஃப்ளூயிடிக்ஸ்!

பேரைக் கேட்டு மிரளாதீங்க. தலைமுடி அளவே இருக்கிற குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு வேலை வாங்குற இன்ஜினீயரிங், அவ்வளவுதான். உங்க டிபார்ட்மென்ட் ஆபீஸில் இருக்கிற இங்க்ஜெட் பிரின்டர்கூட இதில் ஒரு வகை. அந்தக் குட்டி இடத்தில் திரவம் நாம பழகின மாதிரி நடந்துக்காது. டம்ளரில் டிகாக்‌ஷனும் பாலும் சட்டுன்னு கலந்துடும். நுண்குழாயில் ரெண்டு திரவத்தை விட்டா, ஒண்ணை ஒண்ணு கண்டுக்காம பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ரொம்ப மெதுவாத்தான் கலக்கும். எண்ணெயும் தண்ணீருமா? எண்ணெய் தண்ணீரைக் கிள்ளிக் கிள்ளி, ஒரே அளவு சொட்டுகளா ஆக்கிடும்!

அந்தச் சொட்டை வெச்சுத்தான் கம்பெனியே ஓடுது. எப்படி?

புற்றுநோய்க் கட்டியில் இருந்து கொஞ்சம் திசு எடுத்து, மொத்தமா அரைச்சு டெஸ்ட் பண்ணினா என்ன கிடைக்கும்? கிளாஸ் ஆவரேஜ்! ‘சராசரி 62’னு தெரியும். கோல்டு மெடல் யாரு, அஞ்சு அரியர் வெச்சிருக்கிற மகராசன் யாருன்னு தெரியாது. டாக்டருக்கோ அந்த அரியர் பார்ட்டியைத்தான் கண்டுபிடிக்கணும். அதாவது, ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி மார்க் ஷீட் வேணும்.

அதனால ஒரு சொட்டுக்குள்ள ஒரே ஒரு செல், கூடவே ஒரு ஜெல் மணி. ஒவ்வொரு மணியிலும் ஒரு தனி பார்கோடு, டி.என்.ஏ.வில் எழுதினது. சொட்டுக்குள்ள செல் உடையும். அதோட ஆர்.என்.ஏ. தகவலை நகலெடுக்கும்போதே இந்த பார்கோடு ஒட்டிக்கும். அப்புறம் எல்லாச் சொட்டையும் ஒண்ணாக் கொட்டிப் படிச்சாலும், எந்தத் தகவல் எந்தச் செல்லோடதுன்னு கம்ப்யூட்டர் பிரிச்சுக் கொடுத்துடும்.

ஒரே சொட்டில் ரெண்டு செல் மாட்டிக்கிட்டா? மார்க் ஷீட் குழம்பிடும். அதனால செல்களை ரொம்ப நீர்க்க விட்டு அனுப்புறாங்க. பெரும்பாலான சொட்டில் செல்லே இருக்காது. எத்தனை காலி, எத்தனை டபுள்னு கணக்குப் போடுறது யாரு? நம்ம பாய்ஸான் டிஸ்ட்ரிபியூஷன்! ‘இதையெல்லாம் எதுக்குடா படிக்கிறோம்?’னு எக்ஸாம் ஹாலில் திட்டினீங்களே, அதே ஆசாமிதான்.

இப்போ டீமைப் பாருங்க. ஆரம்பிச்சது மூணு பேர். கெவின் நெஸ், ஸ்டான்ஃபோர்டில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் டாக்டரேட். பென் ஹிண்ட்சன், ஆஸ்திரேலியாவின் டீக்கின் யூனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி டாக்டரேட். செர்ஜ் சாக்சனோவ், ஸ்டான்ஃபோர்டில் உயிர்மருத்துவத் தகவலியல் டாக்டரேட். இவர்தான் சி.இ.ஓ. குழாய், ரசாயனம், கணக்கு - மூணும் ஒரே மேஜையில்!

மூணு பேரும் திடீர்னு சந்திச்சவங்க இல்லை. நெஸ்ஸும் ஹிண்ட்சனும் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவங்க. அப்புறம் குவான்டாலைஃப் என்ற சின்ன கம்பெனி. அங்கேயும் தொழில் சொட்டுதான். ஒரு சாம்பிளை 20,000 சொட்டாப் பிரிச்சு டி.என்.ஏ.வை எண்ணுறது. சாக்சனோவும் அங்கே வந்து சேர்ந்தார். 2011-ல் பயோராட் என்ற பெரிய கம்பெனி அதை 16 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிடுச்சு. 2012-ல் இவங்க வெளியே வந்து சொந்தக் கடை போட்டாங்க. 2019-ல் பங்குச் சந்தைக்கும் வந்தாச்சு.

சுபம் போட்டுடலாமா? இருங்க பாஸ், இப்பதான் இன்டர்வெல்!

பழைய கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. சண்டை பல ரவுண்டு. அதில் ஒண்ணு நமக்கு முக்கியம். ‘ஹிண்ட்சனும் சாக்சனோவும் வேலையில் சேர்றப்போ ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாங்க. இந்த ஐடியா எங்ககிட்ட இருக்கும்போதே அவங்க மண்டையில் உதிச்சது. அதனால பேட்டன்டில் எங்களுக்கும் பங்கு உண்டு’ன்னாங்க. 2021 ஏப்ரலில் அமெரிக்க அப்பீல் கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா? வேலையில் இருந்த காலத்திலேயே அறிவுசார் சொத்தா உருவானதுதான் அந்த ஒப்பந்தத்துக்குள்ள வரும். பின்னாடி ஒரு கண்டுபிடிப்புக்கு உதவின வெறும் யோசனை அதில் வராது!

விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தீர்ப்பையும் கேளுங்க. 2018-ல் வேற ஒரு வழக்கு. சிகாகோ யூனிவர்சிட்டி ஆராய்ச்சியில் பிறந்த சொட்டு பேட்டன்ட்டுகளை டென்எக்ஸ் மீறிடுச்சுன்னு ஜூரி சொல்லி, சுமார் 2.4 கோடி டாலர் கட்டச் சொன்னாங்க. ‘என் மண்டையில் இருக்கிறது என்னுது’ங்கறது ஒரு பக்கம் உண்மை. ‘அடுத்தவன் ஏற்கெனவே பதிவு பண்ணினது அவனுது’ங்கறதும் அதே அளவு உண்மை. கடைசியில் 2021 ஜூலையில் ரெண்டு கம்பெனியும் ஒருத்தர் பேட்டன்டை ஒருத்தர் பயன்படுத்திக்கலாம்னு சமாதானமாப் போயிட்டாங்க.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் வந்ததும் நாம முதல்ல பார்க்கிறது சம்பளம். ரெண்டாவது, எந்த ஊர் போஸ்டிங். மூணாவதா, நீங்க கண்டுபிடிக்கிறது யாருக்குச் சொந்தம்னு ஒரு பாரா இருக்கும், அதையும் படிங்க. அங்கே கோர்ட் பார்த்தது அந்த ஊர் சட்டத்தையும் அந்த ஒப்பந்தத்தின் வார்த்தைகளையும். உங்க லெட்டரில் வார்த்தை வேற மாதிரி இருந்தா முடிவும் மாறலாம். புரியலைன்னா ஹெச்.ஆர்.கிட்டக் கேளுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கும் இதே கதைதான். உங்க காலேஜ் விதி என்ன சொல்லுதுன்னு கைடுகிட்ட விசாரிங்க. யோசனை வந்த அன்னிக்கே தேதி போட்டு நோட்டில் எழுதுங்க. மூணு பேரா செய்றீங்கன்னா யார் எதைச் செஞ்சாங்கன்னும் எழுதுங்க. நட்பு நல்லா இருக்கும்போதே எழுதிடுறது நல்லது!

அப்புறம் ஒரு சின்ன வேலை. நாளைக்கு லஞ்ச் டைமில் வழக்கமான கேங்கை விட்டுட்டு, வேற டிபார்ட்மென்ட் மேஜையில் போய் உட்காருங்க. ‘உங்க லேபில் தலையைப் பிச்சுக்க வைக்கிற பிரச்னை எது?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் பாதி புரியாது. பரவாயில்லை, மறுநாளும் போங்க!

அடுத்த வாரம் பார்ப்போம்... வர்ட்டா?