ரெண்டே ரெண்டு எண்களும் நான் எழுதிக் கொடுத்த ஒரு பொய்யும்

பரீட்சை, பகுதி நேர வேலைன்னு ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. இன்னிக்குக் கணக்குப் பதிவு. ஓடிடாதீங்க, வகுத்தல் தெரிஞ்சா போதும் :-)

நான் இருக்கிற ஹம்மிலிருந்து ரயிலேறினா அரை மணி நேரத்தில் மூன்ஸ்டர். அங்கே பிறந்து அங்கேயே படித்தவர் ஆர்தர் வீஃபெரிஷ். 1909-ல், இருபத்தஞ்சு வயசு வாக்கில், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை ஆராய்ந்தபோது ஒரு விசேஷமான பகா எண் வகையைக் காட்டினார்.

2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை வேணும்னாலும் எடுங்க. அதில் ஒண்ணு குறைச்சு, 2-ஐ அத்தனை தடவை பெருக்கி, வந்ததில் 1 கழிச்சா அந்தப் பகா எண்ணால் மீதியில்லாம வகுபடும். 7-க்கு 63 வருது, 7-ஆல் வகுபடுது. அந்த எண்ணின் வர்க்கத்தாலும் வகுபட்டா அது வீஃபெரிஷ் பகா எண். 63 என்பது 49-ஆல் வகுபடாது, அதனால 7 அவுட்.

1913-ல் மைஸ்னர் 1093-ஐக் கண்டுபிடித்தார். 1922-ல் பீகர் 3511-ஐ. அவ்வளவுதான்! பிரைம்கிரிட் என்ற தன்னார்வலர் திட்டம் 2022 வரைக்கும் ஆயிரக்கணக்கான கணினிகளை வச்சு 20 இலக்க எண்கள் வரை தேடியும் மூணாவது கிடைக்கலை.

செமினாருக்காக நானும் சி மொழியில் நிரல் எழுதினேன். 1093, 3511 ரெண்டும் டாண்ணு வந்துச்சு. ராத்திரி முழுக்க ஓடவிட்டு, "பத்து கோடி வரை தேடினேன், வேறு இல்லை"ன்னு கட்டுரையில் எழுதிக் கொடுத்துட்டேன்.

அடுத்த ஞாயிறு, இங்கே இருக்கிற காமாட்சி அம்பாள் கோயிலில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தரிடம் இந்தப் பெருமையை அளந்தேன். உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்றவர். பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, எங்கட இடத்தில இரும்புத்துண்டு பிடிக்கிற மெசின் ஒண்டு இருக்கு. நாள் முழுக்கச் சத்தமே போடாது. அது வேலை செய்யுதோ இல்லையோ எண்டு பாக்க, நாங்களே இடைக்கிடை ஒரு துண்டை உள்ள விடுவம். நீர் என்னத்தை விட்டுப் பாத்தனீர்?" என்றார்.

1093-உம் 3511-உம்தான் என் இரும்புத்துண்டு. ரெண்டுமே வாசல்படியிலேயே நிக்கிற எண்கள். அதுக்கு மேலே?

வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் வர்ற மீதியை அச்சடிக்கச் சொன்னேன். 65537-க்கு மீதி பூஜ்யம்! 2-இன் அடுக்கை ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தால் வகுத்தா பூஜ்யம் வரவே வராதே. காரணம் எளிமையானது. வர்க்கத்துக்குள் அடங்குற ரெண்டு எண்களைப் பெருக்கும்போது விடை 64 பிட்டுக்குள் அடங்கலை. மேலே வழிஞ்சதைக் கணினி சத்தமில்லாம வெட்டி எறிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் பத்து கோடி வரை என் நிரல் சொன்ன "இல்லை" எல்லாம் குருட்டு "இல்லை".

அறை நண்பன் சொன்னான்: "விடுடா, விடை சரிதானே?" சரிதான். பத்து கோடிக்குள்ள வேற வீஃபெரிஷ் எண் இல்லைங்கிறது உண்மை. ஆனா "நான் தேடினேன்"ங்கிறது பொய். இதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வந்தேன். விடை பெரும்பாலும் "இல்லை"யாவே இருக்கிற வேலையில், ஒழுங்கான நிரலும் ஓட்டை நிரலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தெரிஞ்ச விடையோட ஒத்துப் போச்சுங்கிறதை வச்சு எதையும் நம்பாதீங்க. இப்போ செயற்கை நுண்ணறிவுகிட்டக் கேட்டா ஒரு நிமிஷத்தில் நிரல் வருது. அதுவும் 1093, 3511-ஐ அழகாக் காட்டும். அப்போ இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

இத்தனைக்கும் சோதனை கையிலேயே இருந்துச்சு. வர்ற மீதியில் 1 கழிச்சா, அது எப்பவும் அந்தப் பகா எண்ணால் வகுபட்டே ஆகணும். மேலே சொன்ன விதிதான். ஒரே ஒரு வரி சேர்த்திருந்தா நிரல் 65537-லேயே நின்னு கத்தியிருக்கும். இப்போ அந்த வரியைச் சேர்த்தாச்சு, பெருக்கலையும் 128 பிட்டுக்கு மாத்தியாச்சு. மறுபடி ஓடி முடிஞ்சது. அதே ரெண்டு எண்கள். இந்தத் தடவை அந்த "இல்லை" என்னோடது.

பேராசிரியருக்கு நேத்து மெயில் போட்டு, அந்த வரியை வாபஸ் வாங்கி, காரணத்தையும் எழுதிட்டேன். மார்க் குறையலாம். குறையட்டும்.

பி.கு.: உங்க நிரலுக்குள்ள நீங்க விடுற இரும்புத்துண்டு என்னன்னு சொல்லிட்டுப் போங்க.