காய்ச்சல் வருமுன் பணம் வரவேண்டும்!

ஆண்டுதோறும் ஐப்பசி மழை இறங்கியதும் தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் தலைதூக்குகிறது. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பாய் விரித்துக் குழந்தைகளைக் கிடத்தும் நிலை வருகிறது. அதன் பிறகுதான் அதிகாரிகள் ஜீப் ஏறுகிறார்கள். தெருவில் புகை அடிக்கிறார்கள். மந்திரிகள் அறிக்கை விடுகிறார்கள். மழை நின்று காய்ச்சல் தணிந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. அடுத்த ஐப்பசியில் மீண்டும் அதே கதை!

இந்த முறை மாற வேண்டும். காய்ச்சல் வந்தபின் கொட்டும் பணத்தை, வருமுன் தடுக்க ஒதுக்க வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களை வற்புறுத்துகிறோம்.

சர்க்கார் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு கண்டவர்கள் 12,826 பேர். மாண்டவர்கள் 66 பேர். 2017-ல் 23 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படுத்தனர். 65 பேர் மாண்டனர். இது சோதனை செய்து உறுதியான கணக்கு மட்டுமே. சோதனைக்கே போகாமல் வீட்டில் கிடந்த ஏழைகள் எத்தனை பேரோ! அந்த ஆண்டுகளில் 'மர்மக் காய்ச்சல்' என்ற பேச்சு ஊரெல்லாம் அடிபட்டது. இதில் மர்மம் என்ன இருக்கிறது? நோயைப் பரப்புவது ஏடிஸ் கொசு. அது சாக்கடையில் அல்ல, வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. பகலில் கடிக்கிறது. ஏழு முதல் பத்து நாட்களில் முட்டை கொசுவாகிப் பறக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும். எல்லாம் தெரிந்த விஷயமே.

பேரையூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில் மக்கள் என்ன செய்வார்கள்? சிமெண்ட் தொட்டியிலும் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைப்பார்கள். வாரக்கணக்கில் அதை வைத்துத்தான் சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும். கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? நாற்றுப் பிடுங்கவும் பருத்தி எடுக்கவும் விடியுமுன் போகும் பெண், தொட்டியைத் தேய்த்துக் கழுவ எந்த நேரத்தைத் தேடுவாள்? கழுவிக் கொட்டினால் மறு தண்ணீர் எப்போது வரும்?

ஆனால் சர்க்கார் செய்தது என்ன? 2017-ல் கொசுப் புழு கண்ட வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள், அபராதம் போட்டார்கள். நாட்டிலேயே முதலாவதான 1939-ம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நம்மிடம்தான் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி ஏழையின் குடத்தைச் சோதிப்பவர்கள், குழாயில் தண்ணீர் வராததற்கு யாரிடம் அபராதம் வசூலிப்பார்கள்?

வீடு வீடாகப் போய்ப் புழுவைத் தேடி, தொட்டியில் அபேட் மருந்து ஊற்றும் மஸ்தூர்களைப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள். தினக்கூலிகள். சீசன் முடிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் இருப்பவர்கள். நிலுவைக் கூலிக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் பல மாவட்டங்களில் அவர்கள் போராட வேண்டியிருந்தது. கொசு பத்து நாளில் ஒரு தலைமுறை பெருக்குகிறது. புழு தேடும் வேலையை இரண்டு வாரம் நிறுத்தினால் போதும், செய்த வேலை அத்தனையும் வீண். தெருப் புகை பறக்கும் கொசுவைக் கொல்லலாம்; தொட்டிக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. நிலவேம்புக் குடிநீர் வழங்கினாலும் புழு சாகாது. ஆண்டு முழுவதும் கண்காணிக்கும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி வேண்டும்.

மலேரியாவின் வரலாறு இதற்குச் சாட்சி. 1947-ல் நாட்டில் ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டது. எட்டு லட்சம் பேர் செத்தனர் என்று மதிப்பிட்டார்கள். 1953-ல் திட்டமிட்டு மருந்தடிக்கத் தொடங்கினார்கள். 1965-ல் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தனர். ஒழிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கண்காணிப்பு தளர்ந்தது, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, கொசுவும் மருந்துக்குப் பழகியது. 1976-ல் 64 லட்சம் பேரை மலேரியா மீண்டும் பிடித்தது! நோய் குறையும்போது நிதியைக் குறைப்பதற்குக் கிடைத்த பலன் இதுதான்.

கியூபாவைப் பாருங்கள். 1981-ல் அந்தச் சிறிய தீவில் டெங்கு மூன்று லட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேரைத் தாக்கியது. 158 பேர் மாண்டனர். அதில் 101 பேர் குழந்தைகள். சர்க்கார் ஆயிரக்கணக்கான ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. சில மாதங்களில் நோய் நின்றது. அதன்பின்னும் ஊழியர்களைக் கலைக்காமல் கண்காணித்தார்கள். 1997-ல் சாந்தியாகோ நகரில் மீண்டும் தலைகாட்டும் வரை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் டெங்கு அங்கே பரவவில்லை. செல்வம் கொழிக்கும் நாடல்ல கியூபா. முன்கூட்டியே செலவழிக்க மனம் இருந்தது.

"நிதி இல்லை" என்பார்கள். இப்போது மட்டும் செலவு இல்லையா? செலவை ஏழை சுமக்கிறான், அவ்வளவுதான். ஆலைத் தொழிலாளி பத்து நாள் படுத்தால் பத்து நாள் சம்பளம் போகிறது. விவசாயத் தொழிலாளிக்குக் கூலியும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர, பக்கத்தில் ஆள் இருக்க, வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். பட்ஜெட்டில் எழுதாத இந்தச் செலவு வட்டிக்கடைக் கணக்கில் ஏறுகிறது.

நமது கோரிக்கைகள் இவை:

கொசு ஒழிப்புக்கு பட்ஜெட்டில் தனி நிதி ஒதுக்கி, ஆடி முடியுமுன் ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் கொடுக்க வேண்டும். மஸ்தூர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை, மாதந்தோறும் தவறாத சம்பளம் தர வேண்டும். குழாயில் தினசரித் தண்ணீர் விட வேண்டும். அதுவரை தொட்டிகளுக்கும் டிரம்களுக்கும் இறுக்கமான மூடியை இலவசமாகத் தர வேண்டும். தண்ணீர் தராத தெருவில் அபராதம் போடக் கூடாது. டெங்கு ரத்தப் பரிசோதனை தாலுகா ஆஸ்பத்திரியிலேயே அன்றன்று முடிவு தெரியும்படி நடக்க வேண்டும்.

பேரையூர் தாலுகா திருமங்கலம், உசிலம்பட்டித் தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. இரு தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு பாராமல் சபையில் இதை எழுப்ப வேண்டும்.

தோழர்களே! வாரம் ஒருநாள் தொட்டியைத் தேய்த்துக் கவிழ்ப்போம், குடத்தை மூடுவோம், கொல்லையில் கிடக்கும் சிரட்டையையும் டயரையும் அப்புறப்படுத்துவோம். அது நம் கடமை. அதோடு நிற்கவேண்டாம். மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்திட்டு நிறைவேற்றுங்கள். ஆலை வாயிலில் சங்கத்தின் மூலம் மனுவில் கையெழுத்துத் திரட்டுங்கள். ஐப்பசி வரை காத்திருக்கக் கூடாது. கோடையிலேயே கேட்போம்!