ஈயக் குண்டும் கண்ணாடி வாத்தும்

காலை நடையில் கூட வரும் நண்பரிடம் 'ஸ்பெக்டக்கிள்டு ஐடர்' என்ற ஆர்க்டிக் கடல் வாத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே, "எல்லாம் பருவநிலை மாற்றம் சார், நாம என்ன பண்ண முடியும்?" என்று கையை விரித்துவிட்டார். அவர் மேல் கோபமில்லை. அந்தப் பதில் மேல்தான் கோபம்.

ஆண் வாத்தின் கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம், அதற்குக் கறுப்பு விளிம்பு. மூக்குக்கண்ணாடி போட்ட பழைய கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கும். கோடையில் அலாஸ்காவிலும் ரஷ்யாவின் வடகோடியிலும் சதுப்புகளில் முட்டையிடும். குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று 1995 வரை விஞ்ஞானிகளுக்கே தெரியாது. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த பிறகுதான், பெரிங் கடலில் பனிப்பாளங்களுக்கு நடுவே லட்சக்கணக்கில் கூடியிருப்பதைக் கண்டார்கள். அங்கே 40 மீட்டருக்கும் கீழே முங்கிச் சிப்பி தின்று காலம் தள்ளுகிறது.

இவ்வளவு தாங்கும் பறவை, அலாஸ்காவின் யூக்கான்-கஸ்கோக்விம் டெல்டாவில் 1970களிலிருந்து இருபதே ஆண்டுகளில் 96 சதவீதம் குறைந்துபோனது. 1993இல் அமெரிக்க அரசு அதை அபாயத்திலுள்ள இனமாக அறிவித்தது.

காரணங்களில் ஒன்று, வேட்டைத் தோட்டாவிலிருந்த ஈயக் குண்டு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். இது காரீயம், விஷம். சுட்ட குண்டுகள் சதுப்பில் சிதறிக் கிடக்கும். இரை தேடும் வாத்து அதையும் சேர்த்து விழுங்கும். இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் ஏறும். அந்த டெல்டாவிலேயே ஆய்வு செய்தார்கள். ஈயம் ஏறாத பெட்டை வாத்துகளில் ஓராண்டில் 100க்கு 78 பிழைத்தன. ஏறியவற்றில் 44தான்.

ஈயம் வாத்தைக் கொல்லும் என்பது புதுக் கண்டுபிடிப்பா? ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் என்ற அமெரிக்கர் 1894இலேயே எழுதிவிட்டார். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு அமெரிக்கா முழுவதும் தடை வந்தது 1991இல். நடுவே 97 ஆண்டுகள்! எஃகுக் குண்டு சரியாகக் கொல்லாது, துப்பாக்கிக் குழாய் கெட்டுவிடும் என்று எத்தனை சாக்குகள். கடையில் விற்ற தோட்டாவை வாங்கிச் சுட்ட யூப்பிக் மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்தே செய்தவர்களையும், தெரிந்தே தடுக்காதவர்களையும் சொல்கிறேன்.

எனக்கு ஏன் இந்த ஆத்திரம்? இளவயதில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன் நான். விரலெல்லாம் கறுப்பாக இருக்கும். "ஈயம் உடம்புக்கு ஆகாது, பால் குடிங்கப்பா" என்று முதலாளி தினம் ஒரு டம்ளர் கொடுப்பார். கையுறை கொடுத்ததில்லை. ஆகாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பாலோடு பேச்சு முடிந்துவிடும்.

பெரிங் கடலில் பனி குறைவது உண்மை. அது பெரிய கவலை. ஆனால் பெரிய கவலையைக் காட்டி, கைக்கு எட்டிய வேலையைத் தள்ளிப்போடுவது இன்னொரு டம்ளர் பால். டென்மார்க் 1996இலேயே ஈயக் குண்டை முழுவதும் தடை செய்தது. அங்கே வேட்டை நின்றுவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் சதுப்புநிலங்களில் தடை கொண்டுவந்தது 2023இல்தான்.

நாளைக் காலை நண்பரிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன்: "என்ன பண்ண முடியும்னு கேட்டீங்களே சார், குண்டை மாத்த முடிஞ்சது. அதுக்கே 97 வருஷம் ஆச்சு."