வாகனத்தின் திறப்பு யார் கையில்?

அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணங்காட்டி 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரி முதலாம் திகதி தொடக்கம் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் வாகனங்களின் விலை பற்றியும் வரி பற்றியும் நாட்டின் டொலர் கையிருப்பு பற்றியும் நிறையவே பேசப்பட்டிருக்கின்றது. ஆனால் அந்த வாகனங்களுடன் சேர்ந்து நாட்டுக்குள் வந்திறங்கிய ஒரு மாற்றம் பற்றி எவரும் கவனஞ்செலுத்தியதாகத் தெரியவில்லை. புதிய வாகனங்கள் பலவற்றுக்கு நாம் அறிந்த திறப்பு இல்லை. அதற்குப் பதிலாக ஓர் அட்டையும் கைத்தொலைபேசியும் வந்துவிட்டன.

இது சிறிய விடயம் போலத் தோன்றலாம். ஆனால் ஒரு வாகனத்தை யார், எப்போது, எவருடைய அனுமதியுடன் இயக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உரிமையாளரின் சட்டைப் பையிலிருந்து வேறோர் இடத்துக்கு நகர்கின்றது என்பதே இதன் பொருளாகும். வாகனத்தை வாங்குவதற்கு முன்னரே சிந்திக்க வேண்டிய விடயம் இது.

முதலில் இத்தொழில்நுட்பத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்வது அவசியம். இதில் மூன்று வகைகள் உள்ளன. முதலாவது, வங்கி அட்டையைப் போன்ற திறப்பு அட்டை. அதற்கு மின்கலமோ தொலைபேசி வலையமைப்போ தேவையில்லை. வாகனத்தில் குறித்த இடத்தில் சில சென்ரிமீற்றர் தூரத்துக்குள் அதைப் பிடித்தால் கதவு திறக்கும். டெஸ்லா நிறுவனம் 2017இல் தனது மூன்றாம் மாதிரிக் காருடன் இதனைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. இன்று இலங்கை வீதிகளில் காணப்படும் சீனத் தயாரிப்பு மின்சாரக் கார்கள் சிலவற்றில் சாரதிப் பக்கத்து வெளிக்கண்ணாடியில் இவ்வட்டையைத் தொடச் செய்ய வேண்டும். இரண்டாவது, கைத்தொலைபேசியே குறுந்தூர வானலை மூலம் வாகனத்துடன் நேரடியாகப் பேசுவது. இதற்கும் வலையமைப்புத் தேவையில்லை. ஆனால் தொலைபேசியில் மின்சக்தி இருக்க வேண்டும். சில தொலைபேசிகளில் மின்கலம் தீர்ந்த பின்னரும் சில மணி நேரம் திறப்பாகப் பயன்படுத்தக்கூடிய ஏற்பாடு உண்டு. மூன்றாவது, தொலைபேசியிலுள்ள செயலி இணையத்தின் வழியாக உற்பத்தி நிறுவனத்தின் கணினியுடன் பேச, அந்தக் கணினி வாகனத்துக்குக் கட்டளையிடுவது. இம்மூன்றாவது வகையிலேயே சிக்கல்கள் பெரும்பாலும் தோன்றுகின்றன. விற்பனை நிலையங்களிலோ இவை மூன்றும் ஒன்றே என்பது போலப் பேசப்படுகின்றது.

இந்த வேறுபாட்டின் முக்கியத்துவத்தை உணர்வதற்கு ஹுன்னஸ்கிரியவுக்குச் சென்று பார்த்தாலே போதும். கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய ஊடாக மகியங்கனை செல்லும் ஏ-26 வீதியில் அமைந்துள்ள இச்சிறு நகரிலிருந்துதான் நக்கிள்ஸ் மலைத்தொடரினுள் லூல்வத்த, கோர்பட்ஸ் கணவாய் வழியாக மீமுரே கிராமத்துக்கு வீதி பிரிகின்றது. விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் ஏனைய நகரங்களிலிருந்தும் வாகனங்கள் அவ்வழியே செல்கின்றன. அவ்வீதியில் சிறிது தூரம் சென்றதும் தொலைபேசிச் சமிக்ஞை குன்றி மறைந்துவிடுவதை அங்கு சென்றவர்கள் அறிவர். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, செயலியை மட்டும் நம்பி வந்த ஒருவர் அம்மலையில் வாகனத்தை விட்டு இறங்கிக் கதவு பூட்டிக்கொண்டால் என்ன செய்வார்?

இது வெறும் கற்பனையல்ல. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகருக்கு அருகிலுள்ள மலைப்பள்ளத்தாக்குக்குத் திறப்பின்றிச் செயலியின் துணையுடன் டெஸ்லா காரில் சென்ற ஒருவர், அங்கு சமிக்ஞை இல்லாமையால் காரை மீண்டும் இயக்க முடியாது நின்றார். வீட்டிலிருந்து அவர் சென்றது ஆறு மைல் தூரம் மட்டுமே. உதவிக்கு அழைப்பதற்கான சமிக்ஞையைத் தேடி அவருடைய மனைவி ஏறத்தாழ இரண்டு மைல் ஓட நேர்ந்தது. 2021 நவம்பரில் அதே நிறுவனத்தின் கணினிகளில் ஏற்பட்ட கோளாறினால் பல நாடுகளில் உரிமையாளர்கள் செயலி மூலம் தமது வாகனங்களைத் திறக்க முடியாது தவித்தனர். நிறுவனத் தலைவரே மன்னிப்புக் கோரினார். அங்கே கோளாறு சில மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டது. நமது மலைப்பிரதேசங்களின் நிலை அத்தகையதல்ல.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலை நாம் இன்னும் மறந்துவிடவில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அவ்வனர்த்தத்தில் அதிக உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் கண்டியாகும். மண்சரிவுகள் வீதிகளைத் துண்டித்தன. மின்சாரம் அற்றுப்போனது. தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. உறவினர்கள் உயிருடன் இருக்கின்றனரா என்பதைக்கூட அறிய முடியாமல் மக்கள் நாட்கணக்கில் தவித்தனர். அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதாக அமைச்சரே கூறிய சம்பவமும் நிகழ்ந்தது. இத்தகைய நாட்டில், ஓர் அனர்த்தத்தின்போது குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்க வேண்டிய வாகனம், மின்னேற்றப்படாத தொலைபேசியையோ இயங்காத கோபுரத்தையோ நம்பியிருக்கக் கூடாது.

தோட்டப்புறங்களிலும் மலைக்கிராமங்களிலும் வாகனம் ஒருவருக்குச் சொந்தமாயினும் அதன் பயன் பலருக்குரியது. இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலோ கர்ப்பிணித் தாய் ஒருவருக்கு நோவு கண்டாலோ, வான் வைத்திருப்பவரின் வீட்டுக் கதவைத் தட்டுவதே வழமை. அவர் வீட்டில் இல்லாவிட்டால் சுவரில் ஆணியில் தொங்கும் திறப்பை எடுத்துக்கொண்டு அவரது தம்பியோ அயலவரோ தெல்தெனிய வைத்தியசாலைக்கு வாகனத்தைச் செலுத்துவார். திறப்பு கொழும்புக்குச் சென்றிருக்கும் ஒருவரின் தொலைபேசிக்குள் இருக்குமாயின் அந்த உதவி இல்லாமற் போகும். தூரத்திலிருந்தே திறப்பைப் பிறருக்கு அனுப்பிவைக்கலாம் என்று நிறுவனங்கள் கூறும். அது உண்மைதான். ஆனால் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் சமிக்ஞையும் பொருத்தமான தொலைபேசியும் இருந்தால் மாத்திரமே அது சாத்தியமாகும்.

புதிய முறையில் நன்மைகள் இல்லையெனக் கூறுவது நேர்மையாகாது. தொலைந்த அட்டையை உடனடியாகச் செல்லுபடியற்றதாக்கலாம். சாரதி வேலையை விட்டுச் சென்றால் அவருக்கு வழங்கிய அனுமதியை அதே நிமிடத்தில் நீக்கலாம். திறப்பை இரகசியமாகப் பிரதி செய்துவிடுவார்களோ என்ற அச்சமும் குறைகின்றது. ஒரேயொரு இலத்திரனியல் திறப்புடன் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வாகனத்துக்கு இரண்டாவது திறப்பைச் செய்விக்கப் பெருந்தொகை செலவிட்டவர்களுக்கு இது ஆறுதலாகவே தோன்றும். பழைய உலோகத் திறப்பும் குறைகளற்றதல்ல. அதனாற்றான் திறப்பினுள் இலத்திரனியல் சில்லைப் பொருத்தும் முறையை ஜெர்மனியும் பிரித்தானியாவும் 1998இல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கின.

எனினும் ஒவ்வொரு புதிய பூட்டும் புதிய கள்வனை உருவாக்கும் என்பதே அனுபவம். பையில் வைத்திருந்தாலே கதவு திறக்கும் திறப்புகளின் அலையை இரு சிறு கருவிகளால் நீட்டித்து, வீட்டினுள் இருக்கும் திறப்பைக் கொண்டே வாசலில் நிற்கும் வாகனத்தைத் திருடலாம் என்பதை ஜெர்மன் வாகனச் சங்கமான ஏ.டி.ஏ.சி. 2016இலேயே பரிசோதித்துக் காட்டியது. நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 90,000 வாகனங்கள் திருடப்படுவதாக மதிப்பிடப்பட்டு, 2024 பெப்ரவரியில் மத்திய அரசாங்கம் அதற்கெனத் தேசிய மாநாடொன்றையே கூட்ட வேண்டியதாயிற்று. கள்வர்கள் வீடு புகுந்து தாக்குவதைத் தவிர்க்கத் திறப்பை வாசற்கதவின் அருகே வைத்துவிடுங்கள் என்று ரொறன்ரோ பொலிஸ் அதிகாரி ஒருவர் ஆலோசனை கூறுமளவுக்கு நிலைமை சென்றது. கியா நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்த குறைபாட்டினால், வாகனத்தின் இலக்கத்தகட்டு எண்ணை மட்டும் அறிந்திருந்தாலே அதனைத் தூரத்திலிருந்து திறக்கவும் இயக்கவும் முடிந்ததை அமெரிக்காவில் ஆய்வாளர்கள் 2024இல் கண்டறிந்தனர். நிறுவனம் அக்குறைபாட்டை அவ்வாண்டே நீக்கியது.

கள்வனை விடவும் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது கடன் கொடுத்தவரின் கையில் செல்லக்கூடிய திறப்பையே. இந்நாட்டில் முச்சக்கர வண்டி தொடக்கம் வான், லொறி வரை பெரும்பாலானவை குத்தகைக் கடனிலேயே வாங்கப்படுகின்றன. பதிவுச் சான்றிதழில் பூரண உரிமையாளராகக் குத்தகை நிறுவனத்தின் பெயரே காணப்படும். தவணை தவறினால் நடுவீதியில் வாகனத்தைப் பறித்துச் செல்லும் சம்பவங்கள் பற்றிய முறைப்பாடுகள் நமக்குப் புதியனவல்ல. ஆயினும் பறிப்பதற்கு ஆட்கள் வர வேண்டியிருந்தது. அயலவர்கள் கூடுவார்கள், நியாயம் கேட்பார்கள், பொலிஸ் நிலையம் செல்ல வழி இருந்தது. தொலைவிலிருந்து ஒரு கட்டளையால் வாகனத்தை முடக்க முடியுமானால் நியாயம் கேட்பதற்கு எதிரே எவரும் இருக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் கடன் வாங்கியோரின் ஏறத்தாழ 20 இலட்சம் வாகனங்களில் இவ்வாறு இயந்திரத்தை முடக்கும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தமை 2014இல் வெளிச்சத்துக்கு வந்தது. கடும் காய்ச்சலுற்ற மகளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முற்பட்ட தாய் ஒருவரின் வாகனம், தவணை பிந்தியதால் இயங்க மறுத்தமையும் அப்போது தெரியவந்தது. தவணை தவறிய வாகனத்தின் வசதிகளைப் படிப்படியாக நிறுத்தி, இறுதியில் உரிமையாளரையே உள்ளே நுழைய விடாது பூட்டும் முறைக்கு போர்ட் நிறுவனம் கோரிய காப்புரிமை விண்ணப்பம் 2023 பெப்ரவரியில் வெளியானது. அதனை நடைமுறைப்படுத்தும் நோக்கம் இல்லையென நிறுவனம் கூறியது. நோக்கம் மாறக்கூடியது, தொழில்நுட்பமோ தயாராகவே உள்ளது. நமது நிதிக் குத்தகைச் சட்டம் 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமாகும். தொலைபேசியால் வாகனத்தைப் பூட்டலாம் என்பதை அன்று அச்சட்டத்தை இயற்றியோர் எதிர்பார்த்திருக்க முடியாது.

உற்பத்தி நிறுவனமே இல்லாமற் போனால் என்னாகும் என்ற கேள்வியும் எழுகின்றது. அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான பிஸ்கர் 2024 ஜூனில் வங்குரோத்து அடைந்தபோது, நிறுவனத்தின் கணினிகளை நம்பியிருந்த செயலியும் மென்பொருள் சேவைகளும் தொடருமா என்று தெரியாது ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள் அந்தரித்தனர். இலங்கைக்கு இன்று பல புதிய வர்த்தகப் பெயர்களில் வாகனங்கள் வருகின்றன. அவற்றுள் எத்தனை பத்து ஆண்டுகளின் பின்னரும் நிலைத்திருக்கும் என்பதை எவரும் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் நாம் ஒரு வாகனத்தை இருபது, முப்பது ஆண்டுகள் பாவிக்கும் நாட்டினர். இன்று கொழும்பில் ஓடும் புதிய கார் நாளை கைமாறி ஹுன்னஸ்கிரியவுக்கே வந்து சேரும். அப்போது முதல் உரிமையாளரின் தொலைபேசியிலிருந்து அதன் திறப்பு நீக்கப்பட்டிருக்குமா? இல்லையெனில் விற்றவரே அவ்வாகனம் எங்கு நிற்கின்றது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐரோப்பாவில் வொக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 இலட்சம் மின்சார வாகனங்களின் தரவுகள் பாதுகாப்பின்றிக் கிடந்தமை 2024 டிசெம்பரில் அம்பலமானது. நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன.

எனவே அரசாங்கம் சில ஏற்பாடுகளைக் காலந்தாழ்த்தாது செய்ய வேண்டும். வலையமைப்போ, நிறுவனத்தின் கணினியோ, தொலைபேசியோ இன்றி வாகனத்தைத் திறக்கவும் இயக்கவும் உதவும் அட்டை அல்லது திறப்பு இரண்டேனும் ஒவ்வொரு வாகனத்துடனும் வழங்கப்படுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பதிவின்போதே உறுதிப்படுத்த வேண்டும். உரிமை மாற்றத்தின்போது பழைய உரிமையாளரின் தொலைபேசித் திறப்புகள் யாவும் நீக்கப்பட்டமைக்கான உறுதிமொழி பெறப்பட வேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றி எந்தவொரு நிதி நிறுவனமும் தொலைவிலிருந்து வாகனத்தை முடக்கக் கூடாதெனச் சட்டம் திருத்தப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய வாகனங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ள, வாகனங்களின் கணினிப் பாதுகாப்புக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 155ஐ நமது இறக்குமதி நிபந்தனைகளிலும் சேர்க்கலாம். அவசர நிலையில் வாகனத்தைத் திறக்கும் முறை தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வழங்கப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்துகின்றோம். ஆங்கிலத்திலோ சீனத்திலோ அச்சிடப்பட்ட கைந்நூல், இரவில் மழையில் நிற்பவருக்கு உதவாது.

வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. தொலைபேசி செயலிழந்தால் இவ்வாகனத்தை எவ்வாறு திறப்பது, எவ்வாறு இயக்குவது என்பதை விற்பனையாளர் நேரில் செய்துகாட்டும் வரை பணத்தைச் செலுத்தலாகாது. அட்டையொன்றை எப்போதும் உடன் வைத்திருப்பதும் மற்றொன்றை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பதும் நன்று.

தொழில்நுட்பத்தைத் தடுக்க வேண்டுமென நாம் கூறவில்லை. அவ்வாறு தடுக்கவும் முடியாது. பணம் கொடுத்து வாங்கியவர் தமது வாகனத்தை இயக்குவதற்குத் தொலைவிலுள்ள ஒருவரின் தயவை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதே நமது நிலைப்பாடு. அடுத்த புயலுக்கும் அடுத்த மண்சரிவுக்கும் முன்னர் இதற்கான விதிகள் வகுக்கப்படுமாயின், மலையில் வாழும் மக்களுக்கு அதுவே பெரும் உதவியாக அமையும்.